லைனும் லீடரும் சேரும் இடம்

(பொது அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு முழுக்க முழுக்க ஒரு முடிச்சைப் பற்றியது. ஃபிளை ஃபிஷிங் என்கிற செயற்கைப் பூச்சித் தூண்டிலில், லைன் என்கிற தடித்த கயிறும் லீடர் என்கிற மெல்லிய நரம்பும் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது. நெல்மணி அளவுகூட வராத இடம். அதற்கென்று ஒரு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பல தலைமுறைகளாக மனிதர்கள் அந்த இடத்தைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்னும் திருத்தி முடிக்கவில்லை. காரணம் இல்லாமலா?

இந்த மீன்பிடியை நேரில் பார்க்காதவர்களுக்காக அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் குளத்திலும் கடற்கரையிலும் வீசுகிற சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் வேலை செய்கிறது. குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளை ஃபிஷிங்கில் நுனியில் இருப்பது இறகும் மயிரும் சுற்றிய சின்னஞ்சிறு கொக்கி. அதற்குக் கனமே கிடையாது. கனமில்லாத ஒன்றை வீச முடியாது அல்லவா? அதனால் கனத்தைக் கயிற்றிலேயே வைத்தார்கள். அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர்கள் 1961இல் வகுத்த அளவுமுறையில், லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை இருக்கிறதோ அதை வைத்து அதற்கு எண் தருகிறார்கள். ஆற்று டிரவுட் மீனுக்குப் பலரும் பயன்படுத்தும் 5ஆம் எண் லைனில் அந்த 30 அடியின் எடை 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். வீசும்போது பறப்பது இந்தக் கயிறுதான். பூச்சி அதனோடு கூடப் போகிறது, அவ்வளவே.

ஆனால் இந்தக் கயிறு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமன். பச்சையோ மஞ்சளோ ஆரஞ்சோ நிறம் வேறு. இதன் நுனியில் நேராகப் பூச்சியைக் கட்டினால் எந்த மீனும் கிட்டே வராது. ஆகவே இடையில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஒன்று வேண்டும். அதுதான் லீடர். பொதுவாக 9 அடி நீளம். லைன் பக்கத்து முனை அரை மில்லிமீட்டர் பருமன். அங்கிருந்து மெலிந்துகொண்டே போய், பூச்சி கட்டும் முனையில் 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அந்த மெல்லிய முனைப் பகுதிக்கு டிப்பெட் என்று பெயர். நம் பேச்சு டிப்பெட்டைப் பற்றியது அல்ல, எதிர் முனையைப் பற்றியது.

அந்த இணைப்புக்கு என்ன வேலை? யாரைக் கேட்டாலும், மீன் இழுக்கும்போது அறாமல் இருக்க வேண்டும் என்பார்கள். அது சரி. ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை அதற்கு முன்பே, மீன் வருவதற்கு முன்பே, வீச்சில் தொடங்கிவிடுகிறது.

மாட்டுச் சாட்டையை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் பருத்து, போகப் போக மெலிந்து, நுனியில் வெறும் நூலாக முடிகிறது. கை கொடுத்த விசை பருமனான பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்குப் போகும்போது, சுமக்க வேண்டிய எடை குறைந்துகொண்டே போகிறது. அதனால் வேகம் சாகாமல் நுனிவரை சென்றுவிடுகிறது. ஃபிளை லைனும் அப்படித்தான். வீசிய கயிறு காற்றில் வளைவாக உருண்டு விரிந்துகொண்டே போகும். அந்த வளைவு லைனைக் கடந்து, இணைப்பைக் கடந்து, லீடரையும் விரித்து, கடைசியில் பூச்சியை நீரின்மேல் மெல்ல இறக்க வேண்டும். இணைப்பில் ஒரு முரட்டுக் கட்டி இருந்தால் அந்தக் கட்டி முதலில் நீரில் விழும், மீன் ஓடிவிடும். மாறாக, இணைப்பு துவண்டு கிடந்தால் வளைவு அங்கேயே மடிந்துவிடும், 9 அடி லீடரும் ஒரு குவியலாகப் பொத்தென்று விழும். ஆக, கனம் ஒரு குற்றம், துவளல் இன்னொரு குற்றம்.

இப்போது பலத்தைக் கணக்குப் பார்ப்போம். 0.15 மில்லிமீட்டர் டிப்பெட் ஏறத்தாழ 2 கிலோ இழுப்பில் அறுந்துவிடும். லைனின் உள்ளே இருக்கும் நூல் 9 கிலோவுக்கு மேல் தாங்கும். நடுவில் இருக்கும் இணைப்பு தன் பலத்தில் பாதியை இழந்தாலும் டிப்பெட்டைவிட இரு மடங்கு வலுவாகவே இருக்கும். டிரவுட் மீன்பிடியில் அறுவது பெரும்பாலும் டிப்பெட்தான். அது அறுவதற்கென்றே அங்கே இருக்கிறது. ஆகவே ஒழுங்காகக் கட்டிய இணைப்பில் பலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுவது, கவலையை இடம் மாற்றி வைப்பதாகும். இந்த இணைப்பை அது எவ்வளவு பிடிக்கிறது என்பதை வைத்து மதிப்பிடக் கூடாது, எதை எப்படிக் கடக்கவிடுகிறது என்பதை வைத்து மதிப்பிட வேண்டும். இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. வீச்சின் விசை அதைக் கடக்க வேண்டும். இணைப்பும், கோல் நெடுகக் கயிறு ஓடும் வளையங்களைக் கடக்க வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு முடிச்சும் ஏன் பிறந்தது, ஏன் கைவிடப்பட்டது என்பது தானாகத் துலங்கும்.

ஆங்கிலத்தில் தூண்டில் மீன்பிடி பற்றி அச்சான முதல் நூல் 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வின்கின் டி வோர்டின் அச்சகத்தில் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணி எழுதியதாகச் சொல்லப்படுவது. அந்தக் காலத்துக் கயிறு குதிரை வால்மயிர். கோல் பக்கம் பல மயிர்களைச் சேர்த்து முறுக்குவார்கள், கொக்கிப் பக்கம் வரவர மயிரின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். 1676இல் ஐசக் வால்டனின் மீன்பிடி நூலுக்கு இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்த சார்லஸ் காட்டன், கொக்கிக்கு அருகே இரண்டே மயிர் போதும் என்ற கட்சிக்காரர். கவனியுங்கள்: அங்கே லைன் வேறு, லீடர் வேறு என்ற பிரிவே இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பொருள். மயிர்த் துண்டோடு மயிர்த் துண்டைக் கட்டும் முடிச்சு ஒன்றே போதுமானதாக இருந்தது. கயிற்றைக் கோலின் நுனியிலேயே கட்டியிருந்தால் வளையத்துக்குள் எதுவும் புக வேண்டிய தேவையும் இல்லை.

ஜப்பானிய மலையோடைகளில் வளர்ந்த டென்காரா முறையில் இன்றும் இதே எளிமையைக் காணலாம். கயிற்றைச் சுற்றிவைக்கும் சுருள் கிடையாது, வளையம் கிடையாது. கோல் நுனியில் ஒரு மெல்லிய பின்னல் நூல் ஒட்டியிருக்கும். கயிற்றின் முனையில் உள்ள சுருக்குக் கண்ணியை அதில் மாட்டி இறுக்கினால் வேலை முடிந்தது.

19ஆம் நூற்றாண்டில் இரு பொருள்கள் வந்து சேர்ந்தன. லைன், ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய பட்டுநூல் ஆனது. லீடர், பட்டுப்புழுவின் உள்ளிருந்து எடுத்த நரம்பு ஆனது. ஸ்பெயினின் மூர்சியா வட்டாரம் இந்த நரம்புக்குப் பேர்போனது. கூடு கட்டத் தயாராகும் தறுவாயில் புழுவை வினிகரில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, அப்படியே நீட்டி இழுத்து உலர்த்துவார்கள். ஒரு புழுவிலிருந்து கிடைப்பது ஓர் அடி, கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அப்படிப்பட்ட பல துண்டுகளை முடிச்சிட்டுச் சேர்த்தால்தான் ஒரு லீடர். காய்ந்திருக்கும்போது அது உடையும், கட்டுவதற்கு முன் ஊறவைக்க வேண்டும். ஈரத் துணி வைத்த தகர டப்பியில் லீடர்களைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள்.

அன்றைய இணைப்பு எப்படி இருந்தது? லீடரின் தடித்த முனையில் ஒரு கண்ணி. பட்டு லைனின் முனையை அந்தக் கண்ணிக்குள் விட்டு, எட்டு வடிவத்தில் சுற்றி இறுக்கினார்கள். பட்டு மெத்தென்று இருக்கும், வழுக்காது, அதனால் அந்தச் சிறு சுற்றே பிடித்துக்கொண்டது. அதோடு, அந்தக் காலத்தில் இணைப்பு அவிழவும் வேண்டியிருந்தது. பட்டு லைனை நனைந்தபடி விட்டால் இற்றுப்போகும். மாலையில் வீடு திரும்பியதும் சுருளிலிருந்து முழுவதும் உருவி உலர்த்தியாக வேண்டும். லீடர் ஈர டப்பிக்குள், லைன் உலர்த்தும் சட்டத்தில். இரண்டும் இரவு ஒன்றாகத் தங்கவே முடியாது. அவிழும் முடிச்சு அன்றைய பொருளின் கட்டளை.

1938இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பட்டுப்புழு நரம்பு மறைந்து நைலான் லீடர் வந்தது. 1945இல் மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் தொடங்கிய சயின்டிஃபிக் ஆங்ளர்ஸ் போன்ற நிறுவனங்கள், 1950களில் லைனையே புதிதாகச் செய்தன. உள்ளே ஒரே பருமனுள்ள பின்னல் நூல். வெளியே பி.வி.சி. உறை, அந்த உறையின் தடிப்பை மாற்றியே லைனுக்கு மெலிவும் பருமனும் தந்தார்கள். மிதக்கும் லைன் வேண்டுமென்றால் உறைக்குள் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைக் கலந்தார்கள். உலர்த்த வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம். ஆனால் பழைய எட்டு முடிச்சை இதில் போட்டால் தடித்த உறை மடிந்து பெரிய கட்டியாக நிற்கும். சில நாளில் மடிப்பு வெடித்து உள்நூல் வெளியே தெரியும். புதுப் பொருள் புது முடிச்சைக் கேட்டது.

அப்போது பரவியதுதான் ஆணி முடிச்சு. அமெரிக்காவில் அதைப் பரவலாக்கியவர் மீன்பிடி எழுத்தாளர் ஜோ புரூக்ஸ். கட்டும் முறையைச் சொல்கிறேன். லைனின் முனை, ஒரு மெல்லிய ஆணி, லீடரின் தடித்த முனை மூன்றையும் இணையாகச் சேர்த்துப் பிடியுங்கள். லீடரின் மிச்ச நுனி ஒரு சாண் அளவாவது இருக்கட்டும். அந்த நுனியால் மூன்றையும் சேர்த்து ஐந்தாறு சுற்றுகள், லைனின் முனையை நோக்கி, ஒன்றை ஒன்று ஏறாமல் அடுத்தடுத்துச் சுற்றுங்கள். பிறகு நுனியை ஆணியை ஒட்டியிருக்கும் இடைவெளி வழியே சுற்றுகளுக்கு அடியில் திருப்பி விடுங்கள். ஆணியை உருவிவிட்டு, எச்சில் தொட்டு நனைத்து, இரு பக்கமும் மெல்ல மெல்ல இழுத்து இறுக்குங்கள். ஆணிக்குப் பதில் குடிக்கும் உறிஞ்சுகுழாயின் மெல்லிய துண்டை வைத்தால் நுனியை அதற்குள் விடுவது சுலபம்.

இந்த முடிச்சின் தந்திரம் என்ன? லைனை மடிக்கவே இல்லை. லைன் நேராகவே இருக்கிறது. நைலான் சுற்றுகள் மிருதுவான உறைக்குள் பதிந்து கடித்துக்கொள்கின்றன. கட்டி சிறுத்தது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. நரம்பு லைனின் பக்கவாட்டில் புறப்படுகிறதே தவிர அதன் மையத்திலிருந்து அல்ல. அதனால் லைனின் வெட்டிய முனை ஒரு படியைப் போல நீட்டிக்கொண்டு நின்று வளையத்தில் இடிக்கும். அடுத்தது, சுற்றுகள் பிடித்திருப்பது உறையை மட்டுமே. உறை உள்நூலிலிருந்து கழன்றால் முடிச்சும் உறையோடு உருவிக்கொண்டு வந்துவிடும்.

முதல் குறைக்கு மருந்து ஊசி முடிச்சு. லைனின் வெட்டு முனையில், உள்நூல் இருக்கும் மையத்துக்குள் ஊசியைச் செலுத்தி, சில மில்லிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வெளியே எடுப்பார்கள். நரம்பின் நுனியைச் சவரத்தகட்டால் சீவிக் கூராக்கி, அந்தத் துளை வழியே நுழைத்து இழுத்து, வெளியே வந்ததும் ஆணி முடிச்சைப் போலவே சுற்றி இறுக்குவார்கள். இப்போது நரம்பு லைனின் நடு மையத்திலிருந்து நேராகப் புறப்படுகிறது. வளையத்தில் இடிக்கும் படி மறைந்துவிட்டது.

அதற்கும் ஒரு படி மேலே போனவர்கள் சுற்றையே கைவிட்டார்கள். மையத்தில் துளையிட்டு, நரம்பின் முனையை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நம் பெட்டிக்கடையில் ஃபெவிக்விக் என்று கேட்டால் தருகிறார்களே, அந்த வகைப் பசையில் தோய்த்து உள்ளே செலுத்திவிட்டால் போதும். முடிச்சே இல்லாத இணைப்பு. அமெரிக்காவில் டேவ் விட்லாக் என்பவர் இதை ஊரறியச் செய்தார். இதில் கூடுதல் பயன் ஒன்று உண்டு. லைனை வெட்டியதும் உள்நூல் திறந்துகொள்கிறது. அந்தத் திறப்பு வழியே நீர் உறிஞ்சப்பட்டு ஏறும், மிதக்க வேண்டிய லைனின் நுனி மெல்ல அமிழும். பசை அந்த வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை அல்ல இது. வீட்டில் மேசையில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில் செய்ய வேண்டியது.

இந்த மூன்று முறைகளுக்கும் பொதுவான சங்கடம், லீடரை மாற்ற வேண்டுமென்றால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது. ஒவ்வொரு முறையும் லைனின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். விலை கொடுத்து வாங்கிய மெலிவு கத்தரியில் போய்விடும். அதனால்தான் கண்ணி திரும்பி வந்தது. முதலில் பின்னல் குழாய்க் கண்ணி: உள்ளே வெற்றிடமுள்ள நைலான் பின்னலை லைன் நுனிமேல் ஏற்றி, அடியில் ஒரு சிறு உறைக்குழாய் போட்டு இறுக்குவது. இழுக்க இழுக்கப் பின்னல் நீண்டு, விட்டம் சுருங்கி, லைனை இன்னும் கவ்விக்கொள்ளும். ஆனால் பின்னல் நீரைச் சுமக்கும், வீச்சில் அந்த நீரைத் தெளிக்கும், நுனியை அமிழ்த்தும். பிறகு வந்தது வார்ப்புக் கண்ணி. லைனின் முனையை மடித்து, வெப்பத்தில் உறையை உருக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான லைன்கள் இப்படித்தான் வருகின்றன. ஆனால் எல்லா லைனின் உறையும் ஒரே பொருள் அல்ல. வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் ஊரைச் சேர்ந்த ஏர்ஃபுளோ நிறுவனம் பி.வி.சி.க்குப் பதில் பாலியூரித்தேன் உறை போடுகிறது. உறை மாறும்போது பசையும் கரைப்பானும் மாறும். பி.வி.சி. உறையை இளக்கும் அசிட்டோன் அதனிடம் பலிக்காது. பழக்கப்பட்ட முறையைக் கண்ணை மூடிக்கொண்டு புது லைனில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

கண்ணியோடு கண்ணியை மாட்டும்போது நிறையப் பேர் ஓரிடத்தில் தவறுகிறார்கள். லீடரின் கண்ணியை லைனின் கண்ணிமேல் ஏற்றி, லீடரின் மறுமுனையை, அதாவது டிப்பெட் முனையை, லைனின் கண்ணிக்குள் விட்டு முழுவதும் இழுக்க வேண்டும். இறுகும் நேரத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். இரு கண்ணிகளும் ஒன்றை ஒன்று சமமாக வளைத்து, இருபுறமும் ஒரே வடிவத்தில் படுத்திருக்க வேண்டும். ஒரு கண்ணி மட்டும் நேராக நின்று, மற்றது அதன் கழுத்தைச் சுருக்கிட்டு இறுக்கினால் அது தவறு. மெல்லிய நைலான் அங்கே லைனின் உறையை அறுத்துவிடும். விரலால் சற்றுத் தள்ளிச் சரிசெய்துவிட்டு இறுக்கினால் போதும்.

பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் 100 பவுண்டைத் தாண்டும் டார்பன் மீனைப் பூச்சித் தூண்டிலில் பிடிக்கிறார்கள். பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிக் கழகத்தின் சாதனைப் பட்டியலில் ஃபிளை முறைக்கு அனுமதிக்கப்படும் டிப்பெட் அதிகபட்சம் 20 பவுண்டு. இங்கே டிப்பெட்டின் பலமும் லைனின் பலமும் நெருங்கிவிட்டன. ஆகவே உறையை மட்டும் நம்பும் முடிச்சு போதாது. உறையோடு சேர்த்து லைனை மடித்து, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கண்ணி செய்வார்கள், அல்லது உறையை அகற்றி உள்நூலிலேயே இணைப்பார்கள். அந்தத் தீவுகளின் இஸ்லமொராடாவில் வழிகாட்டியாக இருந்த ஜிம்மி ஆல்பிரைட்டின் பெயரில் வழங்கும் முடிச்சு, இப்படிப் பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்கவே பிறந்தது. தடித்ததை மடித்து, மெல்லியதால் அதன்மேல் சுற்றி, வந்த வழியே வெளியேறும் முடிச்சு அது.

இனி வளையங்களுக்கு வருகிறேன். கோல் 9 அடி. லீடரும் 9 அடி அல்லது அதற்கு மேல் என்றால், மீனை வலைக்குள் எடுக்கும் நேரத்தில் இணைப்பு கோலின் நுனி வளையத்துக்குள் புகுந்தே தீரும். மீன் அப்போதுதான் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும். இணைப்பு வளையத்தில் ஒரு நொடி சிக்கினால் போதும், டிப்பெட் அறுந்துவிடும். குற்றம் டிப்பெட்டின் மேல் விழும், காரணம் இணைப்பு. ஐரோப்பியப் போட்டியாளர்கள் மிக நீளமான லீடரால் ஆற்றின் அடியில் பூச்சியை ஓட்டிப் பிடிக்கிறார்கள். போட்டி விதி லீடருக்குக் கோலின் இரு மடங்கு நீளம் வரை இடம் தருகிறது. அவர்களுடைய இணைப்பு ஓயாமல் வளையத்துக்குள் போய் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் அவர்களில் பலர் கண்ணியை வெட்டிவிட்டு ஊசித்துளைக்கும் பசைக்கும் போகிறார்கள்.

லீடரின் நீளத்தைப் பார்த்து இணைப்பைத் தேர்வது நம் நீலகிரிக்கும் பொருந்தும். 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் அங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹெச். சி. வில்சன் என்பவர் கையில் அது வெற்றிபெற்றது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது. அனுமதி பெற்று அங்குள்ள சிற்றோடையில் வீசப் போகிறவருக்கு ஏழரை அடி லீடர் தாராளம். கோலைவிட அது குட்டை. ஆகவே இணைப்பு வளையத்துக்குள் வரவே வராது, லைனோடு வந்த வார்ப்புக் கண்ணியே போதும். அதே ஆள் அணைநீரின் கரையில் நின்று 12 அடி லீடர் வீசுவாரானால் ஊசி முடிச்சு அவருக்கு உதவும். இரண்டையும் விரும்புகிறவருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. அரை மில்லிமீட்டர் நைலான் ஓர் அடியை லைனின் மையத்தில் நிரந்தரமாகப் பொருத்தி, அதன் மறுமுனையில் சிறிய கண்ணி போட்டுக்கொண்டால், கட்டியும் சிறுத்துவிடும், லீடரையும் நினைத்தபோது மாற்றலாம். நான் யாருக்கும் முதலில் சொல்வது இந்த நடுவழியைத்தான்.

எந்த முறையில் கட்டினாலும் ஆற்றுக்குக் கிளம்புமுன் மூன்று சோதனை செய்யுங்கள். இணைப்பின் இருபுறமும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கைகளை நெருக்குங்கள். லைனும் நரம்பும் சேர்ந்து ஒரே சீரான வில்லாக வளைய வேண்டும். இணைப்பில் மட்டும் ஒடிந்து கூம்பினால் அது துவள்கிறது, அங்கே மட்டும் நேராக நின்றால் அது கெட்டியாக இருக்கிறது. இரண்டாவது, கோலை வளைத்துக்கொண்டு இணைப்பை நுனி வளையத்துக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். விரலுக்கு ஒரு தட்டல்கூட எட்டக் கூடாது. எட்டினால் மெல்லிய ரப்பர் பசை பூசிச் சரிவாக்குங்கள். மூன்றாவதாக, கையால் பலமாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். இந்த இழுப்பைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். முதல் இரண்டில் தேறாத இணைப்பு எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.